அவசரப்பட்ட இன்வெர்ட்டர்களை ஆற்றுப்படுத்திய அம்மையாருக்கு

செயற்பொறியாளராகப் பணி நிறைவு பெறும் திருமதி பிரகதாம்பாள் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளம் உவந்து படைக்கும் பாராட்டு மடல்.

கம்பிகள் அறுந்த காலத்தும் கனிவு அறுபடாத கருணையே! புயல் சாய்த்த கம்பங்களைப் பொழுது சாயுமுன் நிமிர்த்திய பொறுப்பே! சினம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதன்றி, எங்களைச் சுடுசொல் ஒன்று சொல்லியறியாத தாயே! வணக்கம்!

முப்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பை ஒரு மடலில் அடக்க எங்களால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு கோடையை மட்டும் இந்த அவைக்குச் சொல்ல விழைகிறோம். சற்று நேரம் உங்களை விட்டு அவையை நோக்கிப் பேசுவதைப் பொறுத்தருள்க.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், நீண்ட மின்பாதையின் கடைசியில், தனியார் சூரிய மின்நிலையம் ஒன்று புதிய தகடுகள் சேர்த்து விரிவடைந்தது. அந்த வாரமே தொல்லை தொடங்கிற்று. வெயில் உச்சிக்கு ஏறினால் ஊர் விளக்குகள் நடுங்கின. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் உறுமி நின்றன. குறுவை நாற்றங்கால்கள் அந்த மோட்டார்களையே நம்பியிருந்தன.

ரெத்தினம் என்ற விவசாயி ஊராரோடு அலுவலகம் வந்தார். "மேடம், காலையில நல்லாத்தான் ஓடுது. வெயில் ஏறுனா நின்னுடுது. இப்படியே போனா நாத்து கருகிடும்ங்க" என்றார். அம்மையார் அவரை அமரவைத்து, தேநீர் தந்து, முழுவதும் கேட்டுக்கொண்டார். மறுநாளே மின்நிலையத்துக்குப் போனார்.

நிறுவனத்தின் பொறியாளர் இர்பான் சோர்ந்திருந்தார். "உங்க லைன்தான் ஆடுது மேடம். அதான் இன்வெர்ட்டர் எல்லாம் இன்னும் வேகமா லைனைப் பின்தொடர்ற மாதிரி செட்டிங்கை மாத்தினோம்."

"மாத்தின பிறகு?"

"இன்னும் மோசமாயிடுச்சு."

அந்தப் பதிலில் அம்மையாருக்கு எல்லாம் விளங்கிற்று. தகடுகள் தரும் மின்சாரத்தை மின்பாதையின் அலையோடு இசைய வைத்து அனுப்புவது இன்வெர்ட்டர். அதற்கு அது அந்த அலையை இடையறாது பின்தொடர வேண்டும். பெரிய துணைமின்நிலையத்தின் அருகில் அலை எளிதில் அசையாது. கடைக்கோடியிலோ இன்வெர்ட்டர்கள் தள்ளும் மின்சாரமே அலையை அசைத்துவிடுகிறது. தாம் அசைத்ததைத் தாமே துரத்தி, துரத்தத் துரத்த மேலும் அசைத்தன. லைனிலும் பழுதில்லை, இன்வெர்ட்டரிலும் பழுதில்லை. இரண்டும் கூடிய இடத்தில்தான் நடுக்கம்.

"வேகத்தைக் கூட்டாதீங்க இர்பான், குறைங்க."

"கம்பெனி அனுமதி இல்லாம நான் தொட முடியாது மேடம். கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும் பாதியை நிறுத்தி வைங்க. உத்தரவு நான் எழுதித் தர்றேன்."

பாதி நிலையம் நின்றது. நாற்றங்காலில் தண்ணீர் பாய்ந்தது. ஆனால் மின் உற்பத்தி பாதியாய்க் குறைந்ததென்று மேலிடம் சினந்தது. அம்மையாரின் பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நேரம் அது. தொலைபேசியில் மேலதிகாரி உரத்துப் பேசியது அறையில் நின்ற எங்களுக்கும் கேட்டது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், நிறுத்தினது நான்தான். கேள்வியும் என்னையே கேளுங்க. எங்க ஆளுங்க யாரையும் கேட்காதீங்க" என்றார்.

அனுமதி வந்தது. இர்பானும் அம்மையாரும் இன்வெர்ட்டர்களை நிதானப்படுத்தி, உச்சி வெயிலில் ஒவ்வொன்றாக இணைத்தனர். கடைசியும் இணைந்தபோது, திரையில் மின்னழுத்தக் கோடு ஒருமுறை துள்ளி நேராயிற்று. இர்பான் வாய்விட்டுச் சிரித்தார். அம்மையார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெத்தினத்துக்குப் போன் போடுங்க. மோட்டார் ஓடுதான்னு கேளுங்க."

ஓடியது.

பதவி உயர்வு அந்த ஆண்டு வரவில்லை, பிறகும் வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. எங்களுக்குத்தான் இன்றும் ஆறவில்லை. அதை இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறோம்.

அம்மா! இனி உங்களோடு பேசுகிறோம். தஞ்சாவூரில் பேருந்துக்கு ஓடாமல் காலைக் காப்பியைச் சூடாகவே அருந்தி, துணைவர் ராஜராஜன் ஐயாவோடு தாராசுரம் வரை ஆற அமரப் போய்வந்து, நோயறியா உடலும் நிறைவறிந்த உள்ளமுமாய் நெடிது வாழ்க! நாளை முதல் எங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எந்த ஊரில் மின்சாரம் போயிற்றோ என்று பதற வேண்டாம். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்கத்தான் கூப்பிடுவோம். எடுங்கள்.

உங்கள் அன்பில் வளர்ந்த
கோட்ட அலுவலக, களப் பணியாளர்கள்