கழுத்தில் இல்லாத வில்லை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்ச் சபைத் தலைவர் வல்லிநாயகம் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, சாரலில் நனைந்த சேலையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மேடைப் படி ஏறுவது இதுவே முதல் தடவை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நாடுகளும் நாய்ச் சட்டங்களும்' என்று தலைப்புத் தந்தார்கள். பின்வரிசையில் யாரோ, "நாய்க்குமா சட்டம்?" என்கிறீர்கள். ஆம் அண்ணாச்சி, நாய்க்கும்தான். ஐஸ்லாந்தின் தலைநகரில் நாய் வளர்க்கவே தடை. படித்ததும் திகைத்தேன். இங்கிலாந்தில் உரிமம் பெற்று வளர்க்கலாம். ஆனால் கொடுமை செய்தவனை, 'இனி நீ எந்த விலங்கையும் வளர்க்கக் கூடாது' என்று நீதிமன்றமே தடுக்கலாம். மறுபடியும் திகைத்தேன். சென்ற ஆண்டு, 1960இல், நம் நாட்டிலும் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. மகிழ்ந்தேன்.

ஆனால் இன்று மதியம் திகைத்ததைப்போல் நான் என்றும் திகைத்ததில்லை.

அருவிக்கரையில் சீயக்காய்த்தூள் விற்கும் சொக்கம்மாள் ஆச்சியை அறியாதவர் உண்டா? அவருடைய நாய் துரையை அறியாதவர் உண்டா? சிரிக்காதீர்கள், அதன் பெயரே துரைதான். துரைக்கு உரிமம் உண்டு. சபை கொடுத்த பித்தளை வில்லையும் உண்டு. நாய் பிடிக்க வந்தவர் கேட்டார்: "வில்லை எங்க ஆச்சி?"

"டிரங்குப் பெட்டிக்குள்ள, வீட்டுப் பத்திரத்தோட வச்சிருக்கேன். சர்க்கார் குடுத்ததுல்லா, நாய் கழுத்துல தொங்கவிட்டா தொலைஞ்சிராதா?"

"அப்பம் பெட்டியப் பிடிக்க மாட்டோம் ஆச்சி. நாயத்தான் பிடிப்போம்."

ஆச்சி பெட்டியைத் திறந்து வில்லையோடு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

தாய்மார்களே, இது யார் செய்த பிழை? சபை தந்த உரிம ரசீதைப் படித்துக் காட்டி, "வில்லையைத் தொலைச்சிராதீங்க ஆச்சி" என்று சொன்னவள் நான். 'நாயின் கழுத்தில் கட்ட வேண்டும்' என்ற அடுத்த வரியைப் படிக்காமல் மடித்துக் கொடுத்தவளும் நான். கடல் கடந்த சட்டமெல்லாம் படித்தேன். கையில் இருந்த ரசீதை முழுதாகப் படிக்கவில்லை.

துரை இப்போது, பிடித்த நாய்களை அடைக்கும் பவுண்டில் அடைபட்டிருக்கிறது. ஆறு மணிக்குக் கொன்றுவிடுவார்களாம். தலைவர் கையெழுத்துப் போட்டால் விடலாம் என்கிறார் காவல்காரர். தலைவர் அவர்களே, உங்கள் கழுத்தில் மாலை. துரையின் கழுத்தில் கயிறு. மூன்றாம் வரிசையில் ஆச்சியின் கைக்குள் வில்லை. அதைப் பார்த்த பிறகும் நான் எந்த நாட்டுச் சட்டத்தை விளக்குவேன்? எந்த நாட்டை உயர்த்திப் பேசுவேன்?

எழுதி வந்த உரையில் இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது, அண்ணாச்சி. இதோ பேனா. இப்போது மணி ஐந்தேகால்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் சொல்ல வேண்டிய நன்றியைப் பவுண்டு வாசலில் வந்து சொல்கிறேன். வணக்கம்.