பார்வதியின் பதில்

தேநீரில் இஞ்சி சற்றுக் கூடிவிட்டது, டாக்டர்; பொறுத்துக்கொள்ளுங்கள். தேநீர் போட நான் இப்போதுதான் பழகுகிறேன்.

மயக்க மருந்து கொடுத்த நீங்கள் உங்களையே நொந்துகொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை.

மூளையில் புடைத்திருந்த ரத்தக்குழாய்க்குக் கிளிப் போடும்போது, ஒரு மருந்தால் இதயத்தைச் சில நொடிகள் நிறுத்துவீர்கள். ரத்தம் நின்றதும் புடைப்பு தளரும் என்று விளக்கினீர்கள். தாராவிப் பள்ளியில் கதை சொல்லியே ஓய்வுபெற்றவன் நான். அதையும் கதையாக்கித்தான் என் மனைவி பார்வதியிடம் சொன்னேன்.

"பருந்து கடந்து போறவரைக்கும் ஆமை தலைய உள்ள இழுத்துக்கிடும்லா, அது மாதிரிதான்."

"திரும்ப நீட்டிருமாங்க?"

"நீட்டாம எங்க போவுது?"

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது என்றும் என்னிடம் தெளிவாகவே சொல்லியிருந்தீர்கள்.

எங்கள் மகள் விஜயலட்சுமியைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்த சம்பந்தியம்மாள் அந்த வார்டிலேயே நர்ஸ். கட்டில் கிடைத்ததும் அவரால்தான். "மொட்டை போடப் போறாவ மதினி. திருச்செந்தூர் வேண்டுதல் இங்கனயே முடிஞ்சிரும்" என்று பார்வதியைச் சிரிக்க வைப்பார். நல்ல மனுஷி. ஆனால், மூச்சிரைப்புள்ள குடும்பம் என்று தெரிந்ததும் முன்பு ஒரு சம்பந்தத்தை முறித்தவர். கேஸ் பேப்பரில் நீங்கள் எழுதுவது அவர் கண்ணில் படாமல் இராது.

பார்வதிக்குச் சிறுவயது முதலே மூச்சிரைப்பு. அவளுடைய இன்ஹேலரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே என் சட்டைப்பைக்கு மாற்றியிருந்தேன்.

அறுவை அறை வாசலில் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சிரைப்பப் பத்தி அவுக கேக்கவே இல்லியேங்க?"

"ஆபரேஷன் தலையிலதான, நெஞ்சுலயா?" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் சொல் அவளுக்கு எப்போதும் போதும்.

கிளிப் சரியாக விழுந்தது. இதயமும் திரும்பித் துடித்தது. இறுகிய மூச்சுக்குழாய்கள்தாம் திறக்கவில்லை. வெளியே வந்து நீங்கள் அழுதீர்கள். உங்களைத் தேற்றியவன் நான்.

விஜயலட்சுமி முலுண்டில், புகுந்த வீட்டில் நலமாக இருக்கிறாள். இன்ஹேலர் இதோ, இன்னும் என் பையில்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள், மூச்சிரைப்பு உண்டா என்று நீங்கள் அவளிடம் ஹிந்தியில் கேட்டது நினைவிருக்கும்: "தமா ஹை க்யா?" காய்கறிக் கடையைத் தாண்டாத ஹிந்தி அவளுடையது. நான்தான் தமிழில் சொன்னேன்: "பல்செட் உண்டுமான்னு கேக்காவ."

அவள் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையசைத்தாள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

உங்களிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, டாக்டர். தலையசைத்தது அவள்.