மூன்றாம் நம்பர் பாலிஹவுஸ்

ரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். காதலர் தினத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதை வளர்ப்பவனுக்கும் கிடையாது.

என் பெயர் எட்வின் கார்ஸ்லேக். ஓசூர்ப் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. துரை தோட்டம் என்றால் ஆட்டோக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க வந்தவர். ஊர் மேய்ச்சல் நிலத்தை வளைத்துப் போட்டார் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். இருக்கலாம். குதிரைக்கு நன்றாகப் பசிக்கும். நான் சீமையைப் பார்த்தது ஒரே தடவை. குளிர் தாங்காமல் பத்தாம் நாளே திரும்பிவிட்டேன்.

எல்லப்பன் என்னைவிட இரண்டு வயது இளையவன். கெலவரப்பள்ளிக் கால்வாயை ஒட்டிய நான்கு ஏக்கரை அவன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுதார்கள். அதை எடுத்துத்தான், ரோஜாவுக்கென்று பிளாஸ்டிக் போர்த்திய கூடாரமாக, மூன்றாம் நம்பர் பாலிஹவுஸைக் கட்டினேன். அவனுக்கும் அதிலேயே வேலை கொடுத்தேன். அவன் கோர்ட்டுக்குப் போனான். அப்போதும் நான் அவனை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இதை யாரும் எழுதுவதில்லை. பதினோரு வருஷம் கழித்து, 2006 ஜனவரியில், ஜெயித்துவிட்டான். திங்கட்கிழமை சர்வேயர் வந்து அளப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்தான்.

"கோவப்படாதிங்க தொர. செடிங்கள நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு மண்ணு போதும்."

"பூக்கிற நேரத்தில் எப்படிப்பா பிடுங்குவது?"

"பூ முடியட்டும். ரெண்டு மாசம் போவட்டும். நா இன்னா ஓடியா பூடப் போறன்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். நல்ல மனுஷன். என் நிலத்தில் எனக்கே இரண்டு மாதம் தவணை கொடுத்தான். கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம், சார். இனாமாக வாங்கிக்கொள்ள எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் ஆட்கள் வராத நேரம் பார்த்துச் செடிப்பேனுக்குப் புகைமருந்து போட்டேன். திரைகளை நானே இறக்கினேன். வழக்கமாக ஒரு நாள் முழுக்க யாரும் நுழையாதபடி வாசலில் சிவப்புப் பலகை மாட்டுவோம். அதைக் கழற்றி ஜீப்பில் போட்டேன். பிறகு எல்லப்பனை வரவழைத்து, சொட்டுநீர்க் குழாய் கடைசி வரிசையில் ஒழுகுகிறது, பார் என்றேன். அவன் இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைக்குப் பூ வெட்ட வேண்டாமே. பிளாஸ்டிக் சுவர் வேறு, கிழித்தால் செலவு.

தாழ்ப்பாள் ஏன் வெளியே போட்டிருந்தது என்று கேட்கிறீர்கள். காற்று என்று முதலில் சொன்னேன். அன்று காற்றே இல்லை. நான்தான் போட்டேன்.

கொஞ்ச நேரம் தட்டினான். நான் எங்கும் போய்விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். "ராஜாத்தி, ராஜாத்தி" என்று பெண்டாட்டி பேரைச் சொல்லித்தான் கத்தினான். துரை என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்.