மழையில்லாத ஊரில் ஒழுகும் வீடு

பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது தவறு. இந்த வயதிலும் தெரிந்தேதான் செய்தேன். பேர்லேண்ட் கோயில் கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் கணவரிடம், "பாலைவனத்துல வீடு ஒழுகுறது நமக்கு மட்டுந்தாங்க" என்றார். அமெரிக்கப் பாலைவன ஊரான எல் பாசோவிலிருந்து வந்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ரூஃப் பழசும்மா."

"பழசா? கீழ மரப்பலகைன்னு பாக்காம, ஃப்ளாட் ரூஃப்னதும் மெட்ராஸ் மொட்டைமாடின்னு நெனச்சு, தினம் சாயங்காலம் ஹோஸ் பிடிச்சு தண்ணி ஊத்தினது யாரு?"

"ரூம் குளுந்துதா இல்லையா? ஏசி பில் குறைஞ்சுதா இல்லையா?"

"மாசம் முப்பது டாலர் குறைஞ்சுது. புது ரூஃப் இருபத்திரெண்டாயிரம். என் கிச்சன் ரீமாடல் பண்ண வச்சிருந்த காசு!"

"இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணிப் பாத்தேனே."

"அந்த ஆளு, மழையே இல்லையே, தண்ணி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, பெருமையா ஹோஸை எடுத்துக் காட்டினீங்க!"

"பொய் சொல்லச் சொல்றியா?"

மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம். புது கிச்சன் வர்ற வரைக்கும் பழைய கிச்சன்ல நீங்கதான் சமைக்கறீங்க."

கவுண்டர் வந்ததும் கணவர் முன்னால் குனிந்து சொன்னார்:

"புளியோதரை பத்து, பார்சல்."