ஒன்பதாவது பிள்ளை

மெற்றில்டா: என்ர பெயரை வெட்டுங்கோ, பாலேந்திரா.

பாலேந்திரா: ஏன் மெற்றில்டா அக்கா? வெல்லுற ரீமுக்குக் குடுக்கிற கேடயத்துக்கு ஒரு பெயர் வேணுமெண்டு லீக் கமிற்றி கேக்குது.

மெற்றில்டா: அப்ப உங்கட பெயரைப் போடுங்கோ. பன்னிரண்டு வருசமா வால்தம்ஸ்டோ ரீம் பிள்ளையளைப் பழக்கிறது நீங்கள்.

பாலேந்திரா: மோர்டன் ரீமைப் பழக்கிறது ஆர்? எண்பத்தைஞ்சில இந்த பேஸ்போல் லீக்கைத் தொடக்கினதே நீங்கள்தானே.

மெற்றில்டா: அது பெரிய வேலையே? ஊரில மட்டையும் பந்துமா 'எல்லே' எண்ட விளையாட்டு விளையாடினனான். அதுவும் அடிச்சிட்டு ஓடுறதுதானே.

பாலேந்திரா: சீலையோட ஓடிக் காட்டினியள்...

மெற்றில்டா: சப்பாத்துப் போட்டுத்தான். சிரியாதேங்கோ.

பாலேந்திரா: சிரிக்கேல்ல அக்கா. அண்டைக்கு ரெண்டு ரீம். இண்டைக்கு ஆறு. உங்களிட்டப் பழகின நிர்மலா இப்ப அம்பயர்.

மெற்றில்டா: ஓம்... போன கிழமை என்னையே கோட்டுக்கு வெளியில நிக்கச் சொன்னவள்.

பாலேந்திரா: சரியாத்தான் பழக்கியிருக்கிறியள்.

மெற்றில்டா: கதையை மாத்தாதேங்கோ. எண்பத்தொன்பதில உங்களிட்ட ஆறு பிள்ளையள்தான் மிஞ்சினது. ஒன்பது பேர் இல்லாட்டி ஆட்டம் இல்லை. எண்டாலும் நீங்கள் ரீமைக் கலைக்கேல்ல.

பாலேந்திரா: மூண்டு பேர் புதுசா வந்தவைதானே. டொலறஸ், தவமலர், கிறிஸ்துராஜா.

மெற்றில்டா: ம்... வந்தவைதான்.

பாலேந்திரா: ஏன் நிலத்தைப் பாக்கிறியள்?

மெற்றில்டா: ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது. அந்த மூண்டும் மோர்டன் பிள்ளையள். நான்தான் அனுப்பினனான்.

பாலேந்திரா: அவ்வளவு தூரம் எப்பிடி அனுப்பினியள்?

மெற்றில்டா: ஸ்ரொக்வெல் ஸ்ரேசனில ரெயின் மாறிப் போகச் சொல்லிக் குடுத்தனான். கேட்டால், வால்தம்ஸ்டோவில மாமி வீட்டில இருக்கிறமெண்டு சொல்லச் சொன்னனான்.

பாலேந்திரா: அந்த வருசப் பைனலில உங்களைத் தோற்கடிச்சது நாங்கள்.

மெற்றில்டா: ஓம். கடைசி அடி டொலறஸ்தான் அடிச்சவள். வாய்விட்டுக் கத்தேலாமல் நிண்டனான்... அவ்வளவு சந்தோசம்.

பாலேந்திரா: எட்டு வருசமா ஒரு வார்த்தை சொல்லேல்ல.

மெற்றில்டா: சொன்னால் உங்கட மனம் நோகுமெல்லே.

பாலேந்திரா: அவை வந்த முதல் நாளே எனக்குத் தெரியும், அக்கா. டொலறஸின்ர கையில மோர்டன் ரெயின் ரிக்கற் கிடந்தது. ரீமைக் கலைக்கிறனெண்டு கமிற்றிக்குக் கடிதம் எழுதி, அண்டைக்குத்தான் சேர்ட் பைக்குள்ள வச்சுக்கொண்டு வந்தனான். ஒரு மணித்தியாலம் ரெயினில வந்த பிள்ளையள்... மட்டையைத் தாங்கோ அங்கிள் எண்டு கையை நீட்டிக்கொண்டு நிண்டவை. கடிதத்தைக் கிழிச்சுப்போட்டு, மட்டையைக் குடுத்தன்.