பாதாம் மாவுக்குப் பதிலாக

பாதாம் மாவு தீர்ந்துபோனால் முந்திரி மாவைப் போடலாம்; எடைக்கு எடை சரியாக வரும். தேங்காய் மாவை மட்டும் அப்படிப் போடக் கூடாது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், கேக் மணலாக உதிரும். உங்கள் மனைவிக்கு நடந்தது அதுதான். அடுத்த முறை கால் பங்கு போட்டு, கூட ஒரு முட்டை உடைத்து ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேசல் கொட்டை மாவென்றால் எண்ணெய் கக்கும். வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

எழுதிக்கொண்டீர்களா? நல்லது. இனி ரெய்னோ ஹக்கலாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மனைவி எல்மா உங்களிடம் சொன்னது எதையும் நான் மறுக்கப் போவதில்லை. அவளுக்குத் தெரியாததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது, ரெய்னோவின் பேக்கரியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது தூண்டிலும் மீன் வலையும் விற்கிறார்களே, அந்தக் கட்டடம். ஏரியிலிருந்து பனிக்காற்று அடிக்கும் நாட்களிலும் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அங்கே நான் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். அவர் நல்ல ரொட்டிக்காரர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

ஒரு ஜூன் மாதத் திருவிழாவுக்கு நான் தனியாளாக நாற்பது நிசு பின்னினேன். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது நாள் அது. நிசு என்றால் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, சடை மாதிரி பின்னிச் சுடும் இனிப்பு ரொட்டி. ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் முன்னோர்களின் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கோதுமை என்றே பொருள். அன்றைக்கு மாவு சரியாகப் பொங்கவில்லை. ரெய்னோ கூட்டத்துக்கு நடுவில் ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இது நம்ம லெம்பி பண்ணுனது. யாருக்காவது படகுக்கு நங்கூரம் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார்கூடச் சிரித்தார். அதன்பிறகு ஏழெட்டு வருடம் என்னை ஊரில் நங்கூரம் லெம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். என் அம்மாவின் அடக்கத்துக்கு வந்த ஒருவர் அப்படியே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். உங்களுக்கு விவரம் வேண்டுமே என்று சொல்கிறேன். இதற்காகவெல்லாம் ஒரு மனிதரை வெறுத்துவிட முடியாது.

ரெய்னோவுக்கு அறுபத்து மூன்று வயதில் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையும் பார்லியும் ரை தானியமும் உள்ளே போனால் குடலின் உள்சுவர் தேய்ந்துபோகும் வியாதி. மாத்திரை கிடையாது, சாப்பிடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். ஆயுள் முழுக்கக் கோதுமையில் நின்ற மனிதர், கடையை விற்றுவிட்டார். எனக்கு வேலை போயிற்று. சுற்றுவட்டாரத்தில் அந்த வியாதிக்காரர்கள் இன்னும் எட்டுப் பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, எதிர்வரிசையில் ஒரு சின்ன இடம் பிடித்தேன். பாதாம், முந்திரி, ஹேசல், அக்ரூட் என்று கொட்டை மாவுகளும், ஒட்டுவதற்கு மரவள்ளி மாவும் இசப்கோல் உமியும். கோதுமை வாசலைத் தாண்டாத கடை. அதை நடத்தக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கொட்டை மாவில் இழுவை கிடையாது. காற்றைப் பிடித்து வைக்காது. அதைப் பொங்க வைப்பது பெரிய பாடு.

திறந்த இரண்டாவது வாரமே ரெய்னோ வந்தார். பிறகு செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பேனாக்கத்தியால் ரொட்டியை அறுத்து, பக்கத்து மேசைக்காரர்களிடம் காட்டுவார்.

"என்ன லெம்பி, அணிலுக்கெல்லாம் விருந்து வச்சிருக்கியா?"

சில நாள், "பல்லு ஆடுதுன்னா வாங்க, லெம்பி ரொட்டி பிடுங்கிடும்" என்பார். நான் காபி ஊற்றிக்கொண்டே இருப்பேன். எட்டு வருடம் ஊற்றினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜனவரியில், சர்ச்சிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் பாதாமிலும் ஹேசலிலும் செய்த நிசுவை முதல்முறையாகக் கண்ணாடிக்குள் வைத்திருந்தேன். அதற்காக நான் பதினாறு முறை மாவு கலந்து பார்த்திருந்தேன். பின்னல் பிரியாமல் நின்றிருந்தது. நிறமும் நன்றாக இருந்தது. ரெய்னோ ஒரு விரலால் அதை அழுத்திப் பார்த்தார். எழும்பவில்லை.

"கோதுமை இல்லாம நிசுவாம்," என்றார் கூட வந்தவர்களிடம். "ஆவி வராத சவுனாக் குளியலறையில அம்மணமா உக்காந்த கதைதான்."

"பிடிக்கலைன்னா வேற கடை பாருங்க, ரெய்னோ."

"வேற கடை இருந்தா உன் மூஞ்சிய நான் ஏன் பாக்கறேன்? உன் கை செத்த கை, லெம்பி. கோதுமை குடுத்தாலும் செத்துடும், கொட்டை குடுத்தாலும் செத்துடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மாவட்டத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், ரொட்டிக்கான கோதுமை மாவு ஒரு பை வாங்கினேன். அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. என் வீட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டேன். பாதாம் மாவில் ஐம்பது கிராம் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஐம்பது கிராம் கோதுமை. மற்றதெல்லாம் அப்படியே.

செவ்வாய்க்கிழமை அவருக்கு அதை வைத்தேன். கத்தி உடனே இறங்கவில்லை. துண்டு கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. ரெய்னோ மென்றார். மெல்வதை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மென்றார். இன்னொரு துண்டு அறுத்துக்கொண்டார். அன்றைக்கு அதைப் பக்கத்து மேசைக்குத் தூக்கிக் காட்டவில்லை.

என் திட்டம் சாதாரணமானது. அவர் எழுந்து போகும்போது சொல்லிவிடுவதாக இருந்தேன்: அது கோதுமை, ரெய்னோ, இந்தச் செத்த கைதான் பிசைந்தது. இரண்டு நாள் வயிற்றுவலியோடு போயிருக்கும். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"பாத்தியா? மாவ ஆறு மணி நேரம் ஊற வை, ஊற வைன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இப்பத்தான் கேட்டிருக்க. உன் மண்டையில ஏத்தறதுக்கு எனக்கு முப்பது வருஷம் ஆயிருக்கு."

நான் எதையும் ஊற வைக்கவில்லை. "ஆமா ரெய்னோ," என்றேன்.

வெள்ளிக்கிழமை எழுபத்தைந்து கிராம் போட்டேன்.

அவர் ரொட்டியை நான் தனியாகச் சுட ஆரம்பித்தது அப்படித்தான். கோடைக்குள் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. அவருக்கு வயிறு உப்பியது. கொட்டையில் கொழுப்பு அதிகம், சிலருக்குச் சேராது என்று சொன்னேன். அது உண்மைதான். "பாதாம் ஒத்துக்கலையா இருக்கும், முந்திரிக்கு மாத்திப் பாக்கலாம்," என்றேன். முந்திரிக்கு மாற்றினோம். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஹேசலுக்கு மாற்றினோம். பிறகு அக்ரூட், பிறகு பீக்கன். அவர் ஒரு சின்ன நோட்டில் எந்த வாரம் எந்தக் கொட்டை, உடம்பு எப்படி என்று எழுதி வைத்தார். நான் பொட்டலத்தின் மேல் கொட்டையின் பெயரைச் சரியாகவே எழுதிக் கொடுத்தேன். எழுதிய கொட்டை உள்ளே இருந்தது.

அவருடைய பெல்ட்டில் புதுத் துளைகள் வந்தன. கால் மரத்துப்போகிறது என்றார். ஒருநாள் காபிக் கோப்பையைக் கைதவறவிட்டு, அது உடைந்தது தெரியாமலே பேசிக்கொண்டிருந்தார். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்று சொல்லிவிட்டார். ரெய்னோவுக்கு யார்மேல் சந்தேகம் வரும் என்று நான் யோசித்தே பார்த்ததில்லை. அது எல்மா.

எல்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். டோஸ்டரைத் தூக்கிப் போட்டாள். வாணலியை, மரக்கரண்டிகளை, பழைய பலகையை எல்லாம் போட்டாள். தனக்கும் ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டாள். அப்படியும் ரெய்னோ அவள் கைப்பையைத் திறந்து பார்ப்பாராம். ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள், பனியில் நனைந்த தலையோடு.

"லெம்பி, கேக்கறேன்னு தப்பா நினைக்காத. உன் கடையில எல்லாம் சுத்தம்தானே?"

"உள்ள வந்து பாரு எல்மா."

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டினேன். அவள் கையை விட்டு மாவை முகர்ந்துகூடப் பார்த்தாள். அந்தச் சமையலறையில் கோதுமை ஒரு தூசு இல்லை. அவளே வெட்கப்பட்டுப் போனாள்.

"என்னைய கொலகாரிய பாக்கற மாதிரி பாக்கறாரு, லெம்பி. நாப்பத்தியாறு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. நான் சமைச்ச சட்டியத் தொட மாட்டேங்கறாரு. உன் ரொட்டி மட்டும்தான் நம்பிக்கையா சாப்பிடறாரு."

அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். போகும்போது ரெய்னோவுக்கு ஒரு நிசு கட்டிக் கொடுத்தேன். அடுத்த வசந்தத்தில் அவள் பொறுக்க முடியாமல் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. அவள் போனதில் எனக்குத்தான் வேலை கூடியது. ரெய்னோவுக்குப் படியிறங்க முடியவில்லை. வாரம் மூன்று நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வேறெதுவும் சமைத்துக்கொள்ளவில்லை. ரொட்டியும் வெண்ணெயும், வெண்ணெயும் ரொட்டியும். ஊரில் வேறு யாரும் அவரை எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன நவம்பரில் வாசல் படியில் விழுந்தார். உயரம் ஒன்றும் இல்லை, ஒரே படிதான். இடுப்பெலும்பு ஒடிந்துவிட்டது. உணவில் இருந்து உடம்பு எதையும் எடுத்துக்கொள்ளாததால் எலும்பு ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது என்று அறுவை செய்த டாக்டர் எல்மாவிடம் சொன்னாராம். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பதினான்கு நாள் கிடந்தார்.

ஒன்பதாவது நாள் நான் போனேன். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் கோதுமை இருக்கும் என்று பயந்து அவர் எதையும் தொடுவதில்லை என்று நர்ஸ் வருத்தப்பட்டாள். அவர் முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது. என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"எந்தக் கொட்டை?"

"பாதாம். பழைய மாதிரியே."

"அதான் நல்லது." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "இந்த ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்குது, லெம்பி. உன்ன நான் நிறையப் பேசியிருக்கேன். தெரியும்."

நான் காத்திருந்தேன். அந்த வார்த்தை வந்திருந்தால் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருப்பேன், அதை நான் சத்தியமாகச் சொல்வேன்.

"பேசலைன்னா நீ கத்துக்கிட்டிருப்பியா?" என்றார். "மரக்கட்டையா வந்தவ. நான் அடிச்சு அடிச்சு உன்ன ஒரு ஆளாக்கினேன். நான் செஞ்சதுலயே பெரிய ரொட்டி நீதான்."

அதைச் சொல்லிச் சிரிக்கவும் பார்த்தார். நான் ஒரு துண்டு அறுத்து, வெண்ணெய் தடவி, காபியில் நனைத்து வாயில் வைத்தேன். அதைத் தின்றார். இன்னொன்று கேட்டார். அதையும் கொடுத்தேன்.

எல்மா அடக்கத்துக்குப் பிறகு வீட்டை ஒழித்தபோது உறைபெட்டியில் நான் கொடுத்த ரொட்டி நான்கு கிடைத்திருக்கிறது. கோதுமை இருந்தால் கோடு விழும் சோதனைப் பட்டை ஒன்று வாங்கி, நான்கையும் சோதித்திருக்கிறாள். நான்கிலும் கோடு விழுந்திருக்கிறது. பட்டை பழுதாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு பெட்டி வாங்கினாளாம். பாவம், அவள் சுபாவம் அப்படி.

கோதுமை அவரைக் கொல்லும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். சீலியாக்கைப் பற்றி என்னிடம் பதினோரு புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். ஆமாம், தெரியும். இரண்டு வருடம் பத்து மாதம் கொடுத்தேன். கோதுமை கைதவறி ஒருநாளும் மாவில் விழுந்ததில்லை. ஒவ்வொரு முறையும் தராசில் வைத்து நிறுத்துத்தான் போட்டேன். ஐம்பது வருடம் கோதுமை பிசைந்தவருக்கு நாக்கில் கோதுமை தெரியாதா என்று முதலில் நானும் யோசித்தேன். தெரிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தான் கற்றுக்கொடுத்தது பலித்துவிட்டது என்ற ருசி அதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கடையை மூடி முத்திரை வைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன். மற்ற எட்டுப் பேருக்கும் கொடுத்ததில் கலப்படம் இருந்ததா என்று உங்கள் ஆட்கள் மாவையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். நன்றாகச் சோதிக்கட்டும். ரெய்னோவின் மாவுக்கு என் வீட்டில் தனிக் கிண்ணம், தனித் தட்டு, தனித் துணி. அதைத் தொட்ட நாளில் குளித்து உடை மாற்றாமல் நான் கடைக்குள் கால் வைத்ததில்லை. அந்தக் குடும்பங்களில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது; அதன் பிறந்தநாள் கேக் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். அவர்களிடம் யாராவது போய்ப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் என் கையால் வாங்கிச் சாப்பிட்டு ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.