'அனான்' என்ற சொல்லுக்கு ஒரு சான்று

வாசகர் வட்டத்தின் தலைவர் தங்கசாமி ஐயா அவர்களே! எங்கள் அகராதியை அச்சிடக் காத்திருக்கும் அச்சக உரிமையாளர் பிரபாகர் அவர்களே! கணவர் பேராசிரியர் செங்கோடனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வசந்தாமணி அம்மா அவர்களே! ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியரின் மாணவர்களே! அனைவருக்கும் தீனதயாளனின் வணக்கம்.

என் சட்டைப்பையில் இரண்டு உரைகளும் ஓர் அட்டையும் இருக்கின்றன. முதல் உரை போன வாரம் எழுதியது, முழுக்கப் புகழ்ச்சி. இரண்டாவது நேற்று எழுதியது. அது புகழ்ச்சியா புகாரா என்று எனக்கே தெரியவில்லை. எதைப் படிப்பது? மேடையேறிய பிறகும் குழப்பம் தீரவில்லை, மன்னியுங்கள்.

பேராசிரியர் செங்கோடன்! வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுத இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்தவர். கூட உழைத்தவன் நான். "இங்கிலீசுக்காரனே தூக்கிப் போட்டதை நீங்க எதுக்குங்க பொறுக்கறீங்க?" என்று ஊரே கேட்டது. ஒரு நாள் தம்மம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி பழைய ஆங்கிலப் பத்திரத்தோடு வந்தார். அதில் 'மெசுவேஜ்' என்று ஒரு சொல். வீடு மட்டும்தான் என்று பங்காளிகள் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் பேராசிரியர் அந்தச் சொல்லுக்குத் தாம் எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்தார். வீடு, அதைச் சேர்ந்த கொட்டகை, ஒட்டிய நிலம், எல்லாம் சேர்ந்ததுதான் மெசுவேஜ் என்று சான்றோடு எழுதிக் கொடுத்தார். அந்த மனிதரின் மாட்டுக் கொட்டகை இன்றும் அவரிடம்தான் இருக்கிறது!

சான்று! அதுதான் அவர் மூச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆங்கில நூல்களிலிருந்து ஒரு வாக்கியம், ஆண்டோடு, பக்க எண்ணோடு வேண்டும். ஒரேயொரு பக்க எண்ணை விட்டுவிட்டேன் என்று என்னை மறுபடி சென்னை நூலகத்துக்கு பஸ் ஏற்றியவர். "சான்று இல்லாட்டி அது சொல்லே இல்லீங்க தீனா" என்பார். அப்படிப்பட்டவரா இப்படிச் செய்தார்?

சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று, கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டுக்குப் போய் அட்டைப் பெட்டிகளைத் திறந்தேன். 'அனான்' என்று ஒரு சொல். முதலில் 'உடனே' என்று பொருள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் உடனே வராததாலோ என்னவோ, 'சற்று நேரத்தில்' என்று தேய்ந்துவிட்டது. நம் 'இதோ வாரேனுங்க' மாதிரிதான். அதற்கு அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த சான்றைத் தமிழில் சொல்கிறேன்: "அனான் என்று சொல்லிப் போனவனுக்காக, வாசலில் ஜவ்வரிசி காய்ந்த வீட்டில், அவள் இரண்டு முறை சோற்றைச் சூடாக்கினாள்." கீழே, ஓர் ஆங்கிலப் பாதிரியாரின் நாட்குறிப்பு, 1768.

ஐயா, இங்கிலாந்தில் எந்தப் பாதிரியார் நம் ஊரைப்போல வாசலில் ஜவ்வரிசி காயப்போட்டார்? தேடினேன். அப்படியொரு நாட்குறிப்பே கிடையாது. மூவாயிரம் அட்டைகளில் நாற்பத்தொன்று இப்படி! எல்லாம் அவரே சொந்தமாகப் புனைந்து எழுதியவை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே தெரிந்தால் மிச்ச அட்டைகளை யார் நம்புவார்கள்? அவர் பெயர் என்னாகும்? கிழித்துப் போட எடுத்தேன். கை வரவில்லை. ஏனென்றால், சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, நிஜமான சான்றுகளைவிட அவைதான் நன்றாக இருந்தன.

அந்த அட்டையோடு வசந்தாமணி அம்மாவிடம் போய்க் கேட்டேன். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க, தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"அது நாந்தானுங்க. எங்கப்பன் ஊட்டு வாசலு அது. கண்ணாலமான புதுசு. லைப்ரரிக்குப் போயிட்டு இதோ வாரேன்னு போனவரு, பொழுது உழுந்துதான் வந்தாரு. ஆனா ரெண்டு தரம் இல்லீங்க, மூணு தரம் சூடு பண்ணுனேன்."

பிறகு கேட்டார்: "இத்தன வருசத்துல எங்கிட்ட இதப்பத்தி ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. எனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில போயி ஏனுங்க எழுதி வெச்சாரு?"

"சபையில சொல்லட்டுங்களா?" என்றேன். "சொல்லுங்க சாமி. யாருக்காச்சும் தெரிஞ்சா எனக்குஞ் சொல்லட்டும்" என்றார். மாணவர்களே, உங்களில் யாருக்காவது தெரியுமா? மூவாயிரம் சொற்களைப் புரிந்துகொண்ட எனக்கு இந்த ஒரு மனிதர் விளங்கவில்லையே!

பிரபாகர், நாளைக் காலையில் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன். நாற்பத்தோரு அட்டைகளும் இருக்கும். பாதிரியார் இருக்கமாட்டார், பொய் ஆண்டும் இருக்காது. அந்த இடத்தில் 'செங்கோடன், கொண்டப்பநாயக்கன்பட்டி' என்று இருக்கும். அவர் தொடாமல் விட்டுப்போன சொற்களை, அடுத்த பதிப்புக்காக, இந்த உடம்பு ஒத்துழைக்கும்வரை நான் எழுதி முடிப்பேன். அவர் படத்துக்கு முன்னால் சொல்கிறேன், இது உறுதி!

பையில் இருந்த அட்டை இதுதான், 'அனான்'. உங்கள் எல்லோருக்கும் முன்னால் இதில் 'இரண்டு முறை' என்பதை அடித்து 'மூன்று முறை' என்று எழுதுகிறேன். அதற்கான சான்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.